வாவா மாமுவின் சுண்டு விரல்

சேசு மரி சூசை

கோலார் தங்கவயல்
12-3-1953

இராயபுரத்துல இருக்கிற தம்பி இக்னேஷியஸுக்கு அக்கா பிலோமி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மாமா தாமஸும் புள்ளைங்க மூணும் சர்வேசுரன் புண்ணியத்துல சுகம். மாமாவுக்கு மட்டும் சுரங்கத் தூசியில இருமல். கஷாயம் குடுத்தா பூந்தொட்டியில ஊத்திடறாரு. செடி நல்லா கீது.

நீ வேளைக்குத் துன்றியா? முக்கியமா, சுண்டு விரல் மடங்குதா? ரெண்டு வருஷம் முன்னால ஒர்க்‌ஷாப்புல நீராவி அடிச்சு வெந்த கை. ஒவ்வொரு கடுதாசியிலயும் கேக்கறேன், நீ அதுக்கு மட்டும் பதில் எழுதறதே இல்ல.

விஷயத்துக்கு வரேன். உனக்கு முப்பத்திநாலு முடியப்போவுது. உன்கூட ஞானஸ்நானம் வாங்கின பசங்கல்லாம் வளர்ந்த புள்ளைங்களுக்குக் கோயில்ல புதுநன்மையே குடுத்துட்டானுங்க. மாமாவோட சூபர்வைசர் மகள் ஹில்டான்னு ஒரு பொண்ணு. இருபத்திநாலு வயசு, கோயில்ல ஆர்மோனியம் வாசிக்குது. தவக்காலம் முடிஞ்சி பேசலாம்னு சொல்லி வெச்சிருக்கேன். பொம்பளைங்க முன்னால உனக்கு வாய் ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியாதா? அம்மா செத்த அன்னிக்குத் துக்கம் கேக்க வந்தவங்க கிட்டயே 'ம்'முனு ஒரு சத்தம்தான் குடுத்தே. நீ பேசவே வேணாம்டா. தலைய ஆட்டு, மீதிய நான் பாத்துக்கறேன்.

பதில் போடு. போடலன்னா நேர்ல வருவேன்.

உன் அக்கா
பிலோமி

*

இராயபுரம்
19-4-1953

அன்புள்ள அக்காவுக்கு தம்பி இக்னேஷியஸ் எழுதிக்கொண்டது. இங்கே நான், சைக்கிள், பக்கத்து வூட்டுப் பூனை மூணு பேரும் சுகம். மாமாவுக்குக் கஷாயத்தை நீயே நின்னு குடிக்க வை.

பதில் லேட்டானதுக்குக் காரணம் கீது. கடலோரத்துல பழைய எண்ணெய் மில்லு இடிஞ்சி, அறுபதடி புகைபோக்கி மட்டும் நிக்குதே, அதும் மேல ஒரு சிலை வெக்கப்போறாங்க. கடல்ல போய் திரும்பாதவங்க நினைவா. நம்ம நைனாவோட தோஸ்து, மீன் ஏலம் விடுற கோதண்டம் மாமாதான் கமிட்டித் தலைவர். சும்மா நிக்கிற சிலை வேணாம், அசையற சிலையா வேணும்னு அவரே சொன்னாரு. நான் துறைமுகத்துல இரும்பு வேலை பாக்கறவன்னு எனக்கு வந்துச்சி.

கட்டுமரத்து மேல பதினெட்டடி ஆளு. வயிறு, உடைஞ்ச கப்பலோட காத்துக்குழாய். தொடை, பாய்லர் தகடு. அடியில பழைய கிரேனோட பால் பேரிங். முதுகுக்குப் பின்னால பாய் மாதிரி ஒரு தகடு வெச்சிட்டா, காத்து எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் ஆளு மூஞ்சிய திருப்பிக்குவான். பாய்க்கு மறைவுல ஒரு காத்தாடிச் சக்கரம். அது சுத்தினா வலது கை ஏறி ஏறி இறங்கும். கப்பலுங்களுக்கு சலாம் வெக்கிற மாதிரி வேணும்னாரு மாமா. பாக்கலாம்.

இருபது நாளா மத்தியானம் மூணு மணிக்குப் புகைபோக்கி மேல ஏறி, கைக்குட்டையப் புடிச்சிகினு கடக்காத்து எப்படிப் போவுதுன்னு பாத்தேன். மேலேர்ந்து பட்டணமே தெரியுதுக்கா. கோட்டைக் கொடிமரம், ஹைகோர்ட்டு, மண்ணடி மாடிங்க, இந்தப் பக்கம் நம்ம தெருவுல யார் யார் துணி காயப்போடறாங்க, எல்லாம். காத்துக்கு நேரா வெச்சா எண்ணெய் மண்டியப் பாத்துகினு நிப்பான், பாக்க நல்லால்ல. அதனால பாய்த் தகட்ட ரெண்டு விரக்கடை தள்ளி வெக்கறேன்.

ஹில்டா சமாச்சாரம் படிச்சேன். பால் பேரிங் வேலை முடியட்டும்.

இப்படிக்கு
தம்பி இக்னேஷியஸ்

*

தங்கவயல்
27-4-1953

தம்பிக்கு தோத்திரம். எல்லாரும் சுகம்.

நான் பொண்ணப் பத்திக் கேட்டா நீ பேரிங்கப் பத்தி எழுதறே. ரெண்டு பக்கக் கடுதாசியில ஹில்டாவுக்கு ஒரே ஒரு வரி! சூபர்வைசர் குடும்பம் செப்டம்பர்ல வேளாங்கண்ணிக்குப் போவுது. போற வழியில மெட்றாஸ்ல இறங்கி உன்னப் பாக்கும். அதுக்குள்ள உன் இரும்பு ஆளைக் கரையேத்து.

விரல்?

பிலோமி

*

இராயபுரம்
8-7-1953

அன்புள்ள அக்காவுக்கு தம்பி எழுதிக்கொண்டது. சுகம். பூனை நாலு குட்டி போட்டுக்கீது.

சிலை எழும்பிடுச்சி. போன மாசம் 29-ஆம் தேதி, ராயப்பர் திருநாள் அன்னிக்குத் திறந்தாங்க. அதுக்கு முன்னால நடந்த கூத்து இருக்கே! நெத்தியில என்ன வெக்கறதுன்னு கமிட்டியில மூணு கூட்டம். கோதண்டம் மாமா ஆளுங்க பட்டை போடச் சொன்னாங்க. ஒரு கட்சி நாமம்னுச்சி. நம்ம கோயில் ஆளுங்க கழுத்துல மாதா உத்தரியமாச்சும் வேணும்னாங்க. கடல்ல போனவன் எல்லா ஜாதியிலயும் கீறான், யாரும் விட்டுக் குடுக்கல. கடைசில நான் ஒரு முண்டாசு செஞ்சி, புருவம் வரைக்கும் இழுத்து உட்டுட்டேன். நெத்தியே இல்ல. சண்டையும் இல்ல.

திரைய அவுத்ததும் காத்து வந்துச்சி. ஆளு திரும்பினான், கை ஏறி இறங்குச்சி, ஜனங்க விசில் அடிச்சாங்க. ஆனா சலாம் வெக்கற மாதிரி இல்லையாம். உள்ளங்கை கீழ பாத்துகினு, 'வா, வா'ன்னு கூப்புடற மாதிரி கீதாம். கம்பியோட வாட்டம் அப்படிதான் வரும்னு சொன்னேன். தெருவுல எல்லாரும் 'வாவா மாமு'ன்னு பேர் வெச்சிட்டாங்க.

காலைல தரைக்காத்து, அப்போ கடலைக் கூப்புடறான். மத்தியானம் மூணு மணிக்குக் கடக்காத்து வந்ததும் நம்ம தெருவப் பக்கம் திரும்பிடறான். டாண்ணு மூணு மணி. ஒரு நாள் தப்பல.

ஹில்டா குடும்பம் வரட்டும்.

இப்படிக்கு
இக்னேஷியஸ்

*

ஸ்ரீ வடிவுடையம்மன் துணை

இராயபுரம்
4-8-1953

சௌபாக்கியவதி பிலோமிக்கு கோதண்டம் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுத வேண்டியது வழக்கம். ஆனால் க்ஷேமம் இல்லை.

உன் தம்பி செய்த சிலை தினமும் மத்தியானம் மூணு மணிக்கு என் வீட்டைப் பார்த்து 'வா, வா' என்று கூப்பிடுகிறது. தெருவில் முப்பது வீடு இருக்கிறது அம்மா. குறி தப்பாமல் என் வீட்டையே கூப்பிடுகிறது. செத்தவர்கள் நினைவுக்கு வைத்த சிலை கூப்பிட்டால் என்ன அர்த்தம்? எனக்கு அறுபத்திரண்டு வயசு, ரத்தக் கொதிப்பு வேறே. வாசலில் பூசணிக்காய் கட்டினேன். கட்டிலைப் பின்கட்டுக்கு மாத்தினேன். ஏலத்தில் நான் விலை கூவ வாயைத் திறந்தால், "தலைவரே, மாமு கூப்புடறாரு, போய்ட்டு வந்து கூவு" என்கிறான்கள். மானம் போகிறது.

வேலையும் சுத்தமில்லை. நாலு விரல் அழகாய் வளைந்திருக்கிறது. சுண்டு விரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்டால் பேச்சை மாத்துகிறான்.

கைக்கு ரெண்டு போல்ட்டு அடித்து நிறுத்திவிடு என்றேன். சரி மாமா என்கிறான், செய்ய மாட்டேன் என்கிறான். என் வீட்டில் பயப்படாத ஒரே ஆத்மா மேல்மாடியில் குடியிருக்கும் ஆஸ்பத்திரி நர்சம்மாதான். மூணு மணியானால் துணி காயப்போடுகிற சாக்கில் மாடியில் நின்று அதைப் பார்த்துச் சிரிக்கிறது. நனைக்காத துணியைக்கூட காயப்போடுகிறது. அதற்கென்ன, இளரத்தம்.

நீ சொன்னால் கேட்பான். தீபாவளிக்குள் கை நிற்கவில்லை என்றால் சிலையையே இறக்கிவிடுவோம்.

இப்படிக்கு, உன் தகப்பனார் ஸ்தானத்தில் உள்ள
கோதண்டம்

*

தங்கவயல்
9-8-1953

தம்பிக்கு அக்கா தோத்திரம். நாங்க சுகம். உன் சுகத்தப் பத்தி எனக்கு இப்போ சந்தேகம் வந்துகினு கீது.

கோதண்டம் மாமா எழுதின கடுதாசிய உங்க மாமாவுக்குப் படிச்சிக் காட்டினேன். அவரு சிரிச்சி சிரிச்சி இருமல் அதிகமாயிடுச்சி. நான் சிரிக்கல.

மூணே மூணு கேள்வி. பாய்த் தகட்ட எதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சே? சிலைக்கு சுண்டு விரல் ஏன் மடங்கல? கோதண்டம் மாமா வூட்டு மேல்மாடியில இருக்கிற நர்சம்மா பேரு இன்னா?

சுத்தி வளைக்காம பதில் எழுது.

பிலோமி

*

தங்கவயல்
14-9-1953

டேய் இக்னேஸு,

ஒரு மாசமா உன் கிட்டேர்ந்து கார்டு இல்ல, கவர் இல்ல. அதனால சுகமெல்லாம் விசாரிக்கல.

சூபர்வைசர் குடும்பம் வேளாங்கண்ணிலேர்ந்து திரும்பிடுச்சி. நடந்தத அவங்க வாயால கேட்டு நான் தலை குனிஞ்சி நின்னேன். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு உன் வூட்டுக்கு வந்தாங்களாம். பாயைப் போட்டியாம், கலர் சோடா வாங்கி வெச்சியாம். சந்தோஷம். மூணு அடிச்சதும், "கிரீஸ் போடணும்"னு எழுந்து போயிட்டியாமே! பொண்ணு பாக்க வெச்சிட்டு எவனாச்சும் கிரீஸ் போடப் போவானாடா? அஞ்சு மணி வரைக்கும் அவங்க உன் பூனைக்குட்டிங்களப் பாத்துகினு குந்தியிருந்தாங்களாம்!

சூபர்வைசர் பெரிய மனுஷன். "பையன் கொஞ்சம் கிறுக்கு, ஆனா துறைமுகத்துல நிரந்தர வேலை. அக்டோபர் கடைசிக்குள்ள சரியா இல்லையான்னு ஒரு வார்த்தை வரட்டும்"னாரு. ஹில்டா என்னைத் தனியா கூப்பிட்டு ஒண்ணு சொல்லிச்சி. "ஆன்ட்டி, நான் தெருவுல வந்து பாத்தேன். அவரு கிரீஸே போடல. மேல குந்திகினு ஒரு மாடியத்தான் பாத்துகினு இருந்தாரு. பாவமா இருந்துச்சி." அது குழந்தை இல்லடா. எல்லாம் புரிஞ்சிகினு வந்திருக்குது.

எனக்குதான் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்றே. அம்மா போனப்புறம் உனக்கு யாருடா இருக்கா, நான்தானே? என் கிட்ட கூடவா வாய் ஒட்டிக்குது? மனசு வலிக்குதுடா.

பிலோமி

*

இராயபுரம்
22-9-1953

அன்புள்ள அக்காவுக்கு தம்பி எழுதிக்கொண்டது. சுகம். நாலு குட்டியில ரெண்ட கோதண்டம் மாமா எடுத்துகினு போயிட்டாரு. கறுப்புக் குட்டி வூட்ல இருந்தா எமன் வரமாட்டானாம்.

தாமஸ் மாமாவுக்கு இருமல் எப்படி கீது? இங்க காசிமேட்டுல வஞ்சிரம் நல்லா படுது. பண்டிகைக்குக் கருவாடு அனுப்பறேன். போன வாரம் மாமுவோட முண்டாசுல காக்கா கூடு கட்டிடுச்சி, கலைக்க மனசு வரல. கூப்புடற கைக்குப் பக்கத்துல கூடு கட்ட தைரியம் வந்துச்சே, அது பெரிய விஷயம்தான். சூபர்வைசர் ஐயா கிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. ஹில்டா நல்ல பொண்ணு. என் மேல எந்தத் தப்பும் சொல்லாம போச்சு.

நீ கேட்ட மூணு கேள்வியில முதல் கேள்விக்கு பதில்: எண்ணெய் மண்டி நாத்தம்.

மத்தது ரெண்டும் யோசிச்சி எழுதறேன்.

தம்பி
இக்னேஷியஸ்

*

இராயபுரம்
25-10-1953

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காத்து ஆரம்பிச்சிடுச்சி. பத்து நாளாச்சி. இப்போ வடகிழக்கால இருந்து அடிக்குது. ராத்திரி பகல் ஒரே பக்கம். மாமு தெருவ உட்டு மூஞ்சியத் திருப்பிகினு, மூலக்கொத்தளம் சுடுகாட்டப் பாத்து 'வா, வா'ன்றான். கோதண்டம் மாமாவுக்கு ஒரே குஷி. "அங்க கீறவங்களைத்தானே கூப்புடறான், கூப்புடட்டும், போல்ட்டு வேணாம்"னுட்டாரு.

துறைமுகத்துல பதினாறு வருஷமா குப்பை கொட்டறேன். ஐப்பசி வந்தா காத்து மாறும்னு கடலோரத்துல கைக்குழந்தைக்கும் தெரியும். ஏப்ரல்ல ஏறி நின்னு பாத்தவன், ஐப்பசிய மறந்துட்டேன். என்னாட்டம் மடையன் உண்டா?

பத்து நாளா மூணு மணிக்கு மாடியில துணி இல்ல. மழைன்றதால இருக்கும். வேற காரணமும் இருக்கும். நான் போய்க் கேக்கவா முடியும்?

அக்கா, சூபர்வைசருக்கு சரின்னு சொல்லிடு. கோதண்டம் மாமா வேணாம்னாலும் நான் கைய நிறுத்திடப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பூசை முடிஞ்சி மேல ஏறி ரெண்டு போல்ட்டு அடிச்சிடுவேன். சுடுகாட்டுல கீறவங்களைக் கூப்புட்டுகினு ஒரு கை எதுக்கு.

நான் சுகம்.

தம்பி

*

தங்கவயல்
28-10-1953

இராயபுரம் கோதண்டம் அவர்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் நர்சம்மாவுக்கு.

பேரு தெரியாம எழுதறேன், கோச்சிக்காதே. என்னை உனக்குத் தெரியாது. என் தம்பிய உனக்குத் தெரியும்னு நெனைக்கறேன். புகைபோக்கி மேல இரும்பு ஆள நிறுத்தினவன். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி அவன் மேல ஏறி அந்தக் கைக்கு போல்ட்டு அடிச்சிடப் போறான். இங்க ஒரு பொண்ணுக்கு சரி சொல்லச் சொல்லியிருக்கான். நான் இன்னும் வாயத் திறக்கல. சனிக்கிழமை வரைக்கும் திறக்க மாட்டேன்.

உனக்கு அவன் கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிடு. ஒண்ணுமில்லன்னா இந்தக் கார்டக் கிழிச்சிப் போட்டுட்டுத் துணி காயப்போடு. உன் வூட்ல பெரியவங்களுக்கு என் தோத்திரம்.

பிலோமி

*

சேசு மரி சூசை

இராயபுரம்
4-11-1953

பிலோமி அக்காவுக்கு ஞானபாக்கியம் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்க வூட்டுக்காரர் இருமலுக்குக் கஷாயத்தவிட ஆவி புடிக்கிறது நல்லது. ராத்திரியில புடிக்கச் சொல்லுங்க.

உங்க கார்டு சனிக்கிழமை சாயங்காலம் வந்துச்சி. கோதண்டம் ஐயா முதல்ல படிச்சிட்டு, அப்பறம் எனக்குக் குடுத்தாரு. அவரு மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சி. "மூணு மாசமா மேல்மாடிய கூப்பிட்டானா? நான் என்னையின்னு நெனச்சு பூசணிக்கா கட்டினேனே!"ன்னு புலம்பிட்டாரு.

ரெண்டு வருஷம் முன்னால உங்க தம்பி வெந்த கையோட ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நாப்பது நாள் நான்தான் கட்டு கட்டினேன். நாப்பது நாள்ல அவரு பேசினது ஒரே ஒரு வார்த்தை, "வலிக்கல." வலிச்சிதுன்னு எனக்குத் தெரியும், கண்ணுல தண்ணி நிக்கும். அந்த சுண்டு விரலை என்னால மடக்க வெக்க முடியல. அந்த வருத்தம் எனக்கு உண்டு. சிலை வெச்ச மூணாம் நாள் மாடிக்கு வந்து பாத்தேன். நாலு விரல் வளைஞ்சிருக்கு, அஞ்சாவது நீட்டிகினு கீது. இந்த மெட்றாஸ்ல அந்த விரலை என்னைவிட யாருக்கு நல்லா தெரியும்? யாரு கூப்புடறாங்க, யாரக் கூப்புடறாங்கன்னு அப்பவே புரிஞ்சிடுச்சி.

கூப்புடறவரு இன்னிக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு பாத்தேன். நனைக்காத துணிய எத்தன நாள்தான் காயப்போடறது? ஐப்பசி வந்ததும் மூஞ்சியத் திருப்பிகினாரு. அதே வாரம் கோலார்ல பொண்ணு பாக்கறாங்கன்னு ஐயா சொன்னாரு. அப்போதான் நான் மாடிக்குப் போறதை நிறுத்தினேன். காத்து மாறினதுன்னு எனக்குத் தோணவே இல்ல. நான் பொறந்ததும் இதே கடலோரம்தான், நம்புங்க.

ஞாயித்துக்கிழமை காலைல டூட்டி முடிஞ்சி வெள்ளைப் புடவையோட நேரா புகைபோக்கிக்குப் போனேன். அவரு ஸ்பேனரோட மேல ஏறியாச்சி. பூசை முடிஞ்சி வந்த ஜனமெல்லாம் கீழ நிக்குது. எனக்கு அன்னிக்கு வெக்கமே வரல. கீழேர்ந்து கத்தினேன்: "இன்னாய்யா, மூணு மாசமா கூப்டுகினே இருந்தே! நான் வரலாம்னு பாக்கறப்போ மூஞ்ச திருப்பிகினா இன்னா அர்த்தம்?"

அவரு எட்டிப் பாத்தாரு. அப்பறம், "நான் திருப்பல. காத்து!"ன்னாரு.

"அப்போ கீழ வந்து, காத்து இல்லாம கூப்புடு!"ன்னேன்.

இறங்கினாரு. என் முன்னால ரெண்டடியில வந்து நின்னாரு. வாயத் திறந்தாரு, மூடினாரு, மறுபடி திறந்தாரு. காது ரெண்டும் செவந்துடுச்சி. கடைசில வலது கைய தூக்கி, உள்ளங்கை கீழ பாக்கிற மாதிரி வெச்சி, ஏத்தி ஏத்தி இறக்கினாரு. ரெண்டடி தூரத்துல நிக்கிற என்னை, பதினெட்டடி ஆளு பட்டணத்தைக் கூப்புடற மாதிரி கூப்புட்டாரு அக்கா! சுண்டு விரல் நீட்டிகினே நின்னுச்சி.

வந்துட்டேன்.

சாமியார் வர்ற ஞாயித்துக்கிழமைலேர்ந்து மூணு வாரம் கோயில்ல கல்யாண ஓலை படிக்கறேன்னாரு. கல்யாணம் வெக்கக்கூடாத ஆகமன காலம் தொடங்கறதுக்கு முன்னால, 25-ஆம் தேதி புதன்கிழமை கல்யாணம். குடும்பத்தோட நாலு நாள் முன்னாடியே வந்துடணும். ஹில்டாவுக்கு என் அன்பச் சொல்லுங்க. அவரு எல்லாம் சொன்னாரு. அது வாய் தொறந்திருக்கலன்னா உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது.

கைக்கு போல்ட்டு அடிக்கல. கோதண்டம் ஐயா ஒரே ஒரு நிபந்தனை போட்டாரு. கல்யாணமானதும் நாங்க ரெண்டு பேரும் அவரு மேல்மாடியிலயே இருக்கணுமாம். "சித்திரை வந்தா அவன் மறுபடி இந்த வூட்டைக் கூப்புடுவான். மேல ஆள் இல்லன்னா அப்பறம் நான்தானே போவணும்?"ன்றாரு.

இனிமே உங்களை அக்கான்னு கூப்புடல. உங்க ஆசீர்வாதம் வேணும், அண்ணி.

ஞானபாக்கியம்

இதுக்குக் கீழ அவருக்குக் கொஞ்சம் இடம் விடச் சொன்னாரு. விட்டிருக்கேன்.

அக்கா, சுண்டு விரல் மடங்கல. இனிமே மடங்க வேணாம். — இக்னேஷியஸ்